அறிவுரை வேண்டாம், ஆள் வேண்டும்

(சங்கரன்கோவிலில் ஆசிரியர்கள், பெற்றோர், விசைத்தறித் தொழிலாளர்கள், இளைஞர் மன்றத்தினர் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனநலச் சிக்கல் உள்ள இளம்பிள்ளைகளுக்குத் துணைநிற்கப் பெரியவர்களுக்குப் பயிற்சி. இதுதான் இன்றைய பேச்சு. இதைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். நாங்கள் என்ன டாக்டரா? அதற்கென்று படித்தவர்கள் இருக்கும்போது எங்களை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

நியாயமான கேள்விதான். பதிலுக்கு வெளியூர் போக வேண்டாம். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்களின் கதையோடு சேர்ந்த ஊர் இது. புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிற ஊர். சுற்றியுள்ள கரிசல் காட்டில் பாம்புக்கடியும் புதிதில்லை. ஒருவனைப் பாம்பு கடித்துவிட்டால் என்ன செய்கிறோம்? விஷமுறிவு ஊசி போட நம்மில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆளை ஓடவிடாமல் உட்கார வைக்கிறோம். கடிவாயைக் கீறாதே, உறிஞ்சாதே என்று தடுக்கிறோம். வண்டி பிடிக்கிறோம். கூடவே ஒருவர் ஏறிக்கொள்கிறார். ஒரு காலத்தில் நம் ஆட்களும் கீறிக்கொண்டும் உறிஞ்சிக்கொண்டும்தான் இருந்தார்கள். யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததால் அந்தப் பழக்கம் மாறியது. நான் இன்று கேட்கிற பயிற்சியும் அவ்வளவுதான். மருத்துவரிடம் போய்ச் சேரும் வரை என்ன செய்வது, என்ன செய்யாமல் இருப்பது என்ற பயிற்சி.

இந்த எண்ணத்தை ஒரு பாடத்திட்டமாக ஆக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பெட்டி கிச்சனர் என்ற செவிலியர். இளவயதிலிருந்தே மனச்சோர்வை அனுபவித்தவர். அவரும் அவர் கணவர் பேராசிரியர் ஆன்டனி ஜோர்மும் 2000ஆம் ஆண்டில் கான்பெரா நகரில் மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார்கள். பிறகு, இளம்பருவத்தினரோடு பழகுகிற பெரியவர்களுக்கென்றே தனிப் பயிற்சி ஒன்றும் வந்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடக்கிறது.

நமக்கும் இது ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொலைபேசியை எடுப்பவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணத் தன்னார்வலர்கள்தான். போர்க்கால யாழ்ப்பாணத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் ஆசிரியர்களையும் ஊர்ப் பணியாளர்களையும் பழக்கியெடுத்தார்கள். அங்கே வேறு வழியே இருக்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் வந்து உள்ளூர் ஆட்களுக்குத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆபத்துக் காலத்தில் மட்டும் நினைவுக்கு வருகிற இந்த வழியைச் சாதாரண நாளுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இப்போதைய தேவை.

ஏன் தேவை? அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, வாழ்நாளில் வருகிற மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்றது. நம் நாட்டில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்குச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் மூன்று பேர். இங்கே இருக்கிற ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை மனக்கண்ணில் ஒருமுறை பார்த்து, அந்த மூன்று பேர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி பெஞ்சில் வம்பு பண்ணுகிறவன்தான் முதலில் நினைவுக்கு வருவான். சத்தமில்லாமல் மூன்றாவது பெஞ்சில் இருக்கிற பிள்ளை நினைவுக்கு வரமாட்டாள்.

இன்னொரு கணக்கையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிவின்படி இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1,416. அந்த ஆண்டு மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. படிப்பில் முன்னணி மாநிலம் என்று நாம் மார்தட்டுகிறபோது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் அரசு சில நல்ல காரியங்களும் செய்திருக்கிறது. 2017இல் பொதுத்தேர்வு முடிவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போட்டுக் கொண்டாடுவதை நிறுத்தினார்கள். தவறிய மாணவர் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுத வழியிருக்கிறது. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி தொங்குகிறது. பெட்டியை யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார் என்று மட்டும் இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள்.

இப்போது சட்டமும் வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பெண்ணின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை வகுத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிலையத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். ஆசிரியர்கள் மட்டுமல்ல, ஆசிரியர் அல்லாத பணியாளர்களும் ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி பெற வேண்டும். உளவியல் முதலுதவி, அபாய அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்வது, உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பது ஆகியவை அந்தப் பயிற்சியில் அடக்கம். தேர்வுப் பயிற்சி நிலையங்களும் விடுதிகளும் இதற்கு விலக்கில்லை.

நல்ல தீர்ப்பு. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை என்று மேலிடத்திலிருந்து வருகிற எந்தப் பயிற்சிக்கும் நம் ஊரில் ஒரு தலைவிதி உண்டு. காலையில் ஒரு கையெழுத்து, பதினொரு மணிக்கு டீயும் வடையும், பின்னால் பேனர் கட்டி ஒரு புகைப்படம், மாலையில் இன்னொரு கையெழுத்து. பயிற்சி நடந்துவிட்டது என்று மேலே அறிக்கை போய்விடும். அதனால்தான் இரண்டு ஆய்வுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். பயிற்சியை ஆதரிக்கிறவன் என்ற முறையில், பயிற்சிக்கு எதிரான சாட்சியத்தையும் நானே வைப்பதுதான் நேர்மை.

முதலாவது, ஆஸ்திரேலியாவிலேயே நடந்தது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி கொடுத்து ஜோர்ம் குழுவினரே ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் அறிவு கூடியது. மனநோய் பற்றிய இளக்காரம் குறைந்தது. தன்னம்பிக்கை வளர்ந்தது. ஆனால் மாணவர்களின் மனநலத்தில் மாற்றம் ஏதும் தெரியவில்லை. தாங்களே உண்டாக்கிய பயிற்சியைப் பற்றி இதை மறைக்காமல் எழுதினார்களே, அதைப் பாராட்ட வேண்டும்.

இரண்டாவது, பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் நடந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகள் எழுபத்துச் சொச்சத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் வெளியிலிருந்து ஒரு சாதாரண ஆளைப் பயிற்சி கொடுத்துப் பள்ளியில் அமர்த்தினார்கள். உளவியல் பட்டதாரி இல்லை, இந்த வேலைக்காகவே வருகிற உள்ளூர் ஆள். இன்னொரு பிரிவில் அதே வேலையை, அதே பாடத்தைக் கற்றுக்கொடுத்து, அந்தப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவது பிரிவில் வழக்கமான வகுப்புகள் மட்டும். முடிவு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வெளி ஆள் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் கேலி செய்து வதைப்பது குறைந்தது, பள்ளிச் சூழலே மேம்பட்டது. ஆசிரியர் அந்த வேலையைப் பார்த்த பள்ளிகளில்? வழக்கமான வகுப்புகள் மட்டும் நடந்த பள்ளிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

இதைக் கேட்டு ஆசிரியர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உங்களைக் குறை சொல்கிற முடிவு இல்லை இது. ஆசிரியருக்கு ஏற்கெனவே பாடம், தேர்வுத்தாள், இலவச சைக்கிள் கணக்கு, இணையத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகள், தேர்தல் வேலை. அதற்கு மேல் இதையும் தூக்கி வைத்தால் எந்த நேரத்தில் ஒரு பிள்ளையோடு அரைமணி உட்காருவார்? போதாதற்கு, மதிப்பெண் போடுகிற கையிடம் மனத்தைத் திறக்கப் பிள்ளைக்கும் தயக்கம். அதே பாடம், அதே பிள்ளைகள். இருந்தும் ஒரு பக்கம் பலித்தது, மறுபக்கம் பலிக்கவில்லை. பயிற்சியைக் காட்டிலும் அதைப் பெறுகிற ஆளும், அந்த ஆளுக்குக் கிடைக்கிற நேரமுமே முக்கியம் என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஜிம்பாப்வேயில் மருத்துவர் டிக்சன் சிபாண்டா இதை வேறு கோணத்தில் கண்டுகொண்டார். அவரிடம் சிகிச்சையில் இருந்த ஓர் இளம்பெண், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் காசு இல்லாமல் போய், உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனையில் உட்கார்ந்து காத்திருந்து பயனில்லை என்று 2006இல் ஹராரே நகரின் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். ‘நட்புப் பெஞ்சு’ என்று பெயர். 2016இல் வந்த ஆய்வு, பாட்டிமார்களோடு பேசியவர்களின் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. இங்கிருந்து திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் கூலி போகும், இரண்டு பேருக்குப் பஸ் சார்ஜ், கூட வருகிறவருக்கும் லீவு. பேருந்துக் காசில் உயிர் போகும் கதை நமக்கு விளங்காததில்லை.

சங்கரன்கோவிலில் அந்த ஆள் யார்? பிள்ளைகள் ஏற்கெனவே யாரிடம் பேசுகிறார்களோ அவர்தான். பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் அக்காவாக இருக்கலாம். கபடி பழக்குகிற அண்ணனாக இருக்கலாம். டியூஷன் எடுக்கிற கல்லூரிப் பெண், விடுதிக் காப்பாளர், மினிபஸ் நடத்துநர், அங்கன்வாடிப் பணியாளர், தாய்மாமன், சித்தி. விடியுமுன்னே மல்லிகையும் பிச்சியும் கொண்டு பூ மார்க்கெட்டுக்கு வருகிற வீடுகளில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது பெரும்பாலும் ஆச்சிதான். பிள்ளை இரவெல்லாம் தூங்கவில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவளைப் பயிற்சிக்குக் கூப்பிட யாருக்காவது தோன்றுமா? ஆய்க்குடி அமர் சேவா சங்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வளர்ச்சி தாமதமான குழந்தைகளைக் கண்டுபிடித்து வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுக்கிறவர்கள் அங்கே பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்கள். உடல் விஷயத்தில் நம் மாவட்டத்தில் முடிந்தது மன விஷயத்தில் முடியாமலா போகும்?

சரி, பயிற்சியில் என்ன கற்றுக்கொள்வது? முதலில் பார்ப்பது. பருவ வயதில் எரிச்சலும் கோபமும் கதவைச் சாத்திக்கொள்வதும் சகஜம். அதற்கெல்லாம் பயந்தால் வீட்டில் இருக்கவே முடியாது. பார்க்க வேண்டியது மாற்றத்தையும் அது நீடிக்கிற காலத்தையும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, விளையாடப் போகிறவன் போகாமல் நின்றுவிட்டானா, குளிக்கவே சலித்துக்கொள்கிறாளா, பிடித்த பொருளையெல்லாம் எடுத்துக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டானா? நம் பக்கத்துப் பிள்ளைகள் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று வந்து நிற்பது அரிது. தலைவலி என்பார்கள், வயிற்றுவலி என்பார்கள், பிரேயரில் மயங்கி விழுவார்கள். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், ‘பாத்தியா, நடிக்கா’ என்று வீட்டில் ஒரு தீர்ப்பு வந்துவிடும். அந்த வலி நிஜமான வலி.

அடுத்தது கேட்பது. இதைச் சற்று நின்று பேசலாம், ஏனென்றால் நாம் அதிகம் சறுக்குவது இங்கேதான். நம்மிடம் ஒரு பிள்ளை வாயைத் திறந்த அரை நிமிடத்தில் என்ன நடக்கிறது? ‘எங்க காலத்துல நாங்க படாத பாடா?’ ‘இதுக்கெல்லாம் போய் அழுவியா?’ ‘உங்கப்பா உனக்காக ராவும் பகலும் தறியில நிக்கார், நீ இப்படிப் பண்ணலாமா?’ ‘போன கீழ வையி, எல்லாம் சரியாப் போயிரும்.’ ஒன்றுகூடக் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதில்லை. எல்லாம் பாசத்தில் வருவதுதான். ஆனால் பிள்ளையின் காதில் ஒரே ஒரு செய்திதான் விழுகிறது: இவரிடம் இனிச் சொல்லக்கூடாது. அதனால், இந்தப் பயிற்சியில் பாதிநேரம் புதிதாக எதையும் கற்பதில் போகாது. நாக்கு நுனியில் வந்து நிற்கிற அறிவுரையை விழுங்கப் பழகுவதில் போகும். நல்ல பயிற்சியாளர் இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் பெரியவராகவும் பேசவைத்து, ஐந்து நிமிடம் அறிவுரையே சொல்லாமல் இருக்கச் சொல்வார். செய்துபாருங்கள். அதிலும் மேடையில் பேசிப் பழகிய என்னைப் போன்றவர்கள்பாடு திண்டாட்டம்தான்.

எப்படித் தொடங்குவது? பார்த்ததைச் சொல்லித் தொடங்குவதுதான் எளிது. ‘ரெண்டு வாரமா மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுட்டுப் போற. கேக்கணும்னு தோணுச்சு.’ அவ்வளவுதான். எதிரெதிரே உட்கார்ந்து விசாரணை செய்வதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டோ, பூக் கட்டிக்கொண்டோ, வண்டியில் போகும்போதோ கேட்டால் பிள்ளைகளுக்குப் பேச வரும். முதல் தடவை ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் பதில் வரும். சரி என்று விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி கேட்க வேண்டும். இரண்டாம் முறை கேட்கிறவரைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ‘நான் இல்லாம இருந்தா உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்ற தொனியில் ஒரு பிள்ளை பேசினால், நேராகக் கேட்க வேண்டும்: ‘செத்துப்போயிரலாம்னு நினைப்பு வருதா?’ அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். நியூயார்க் மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். கேட்டதால் யாருக்கும் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது ஆறுதலாகவே இருந்தது. ‘ஆமா’ என்று பதில் வந்தால் பதறக்கூடாது, திட்டக்கூடாது, சத்தியம் வாங்கக்கூடாது. தனியே விடக்கூடாது. வீட்டில் தோட்டத்துக்கென்று வாங்கி வைத்திருக்கிற மருந்து எதுவானாலும் அன்றைக்கே பூட்டுக்குள்ளோ வேறு வீட்டுக்கோ போய்விட வேண்டும். அந்த எண்ணம் அலைபோல் ஏறி இறங்கக்கூடியது. ஏறியிருக்கிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்பும். பிறகு 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கோ 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கோ பேச வேண்டும். கைமீறினால் 108 ஆம்புலன்ஸ்.

‘யாருட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பத்தான் சொல்லுவேன்’ என்று பிள்ளை கேட்கும். அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். ‘உனக்கு ஆபத்துன்னு பட்டா ஒருத்தர்ட்ட சொல்லுவேன், ஆனா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்’ என்று சொல்லுங்கள். பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை சொன்னால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. மறைத்தால் அதுவே குற்றம். அதே சமயம், டீக்கடையில் ஒருவரிடம், கோயில் பிரகாரத்தில் ஒருவரிடம் என்று இரண்டு பேரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். தெரிய வேண்டிய ஒருவருக்கு மேல் ஒருவருக்கும் தெரியக்கூடாது.

சிகிச்சை என்றதும் வருகிற பயம் இன்னொன்று. ‘அது தூக்க மாத்திரை, பழகிப்போயிரும்’, ‘பொம்பளப்பிள்ள, நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக்கொடுக்கணும்’, ‘கோட்டின்னு பேர் வந்துரும்’. தற்கொலை முயற்சி செய்து பிழைத்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் ‘வயித்துவலி’ என்று சொல்லிச் சேர்ப்பதற்குப் போலீஸ் பயமும் காரணம். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் பொறுப்பு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே கிடையாது. தற்கொலைக்கு முயன்று அரசு ஊழியரை மிரட்டிக் காரியம் சாதிக்கப் பார்ப்பது மட்டும்தான் குற்றமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள்.

பிழைத்து வந்த பிள்ளையை அதற்குப் பிறகு என்ன செய்கிறோம்? அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதை நாகரிகம் என்று நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, அடுத்த பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரித்தார்கள். முதல் பிரிவில் பின்னர் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2. 2008இல் வெளிவந்த இந்த ஆய்வில் பேசியவர்கள் சுகாதாரப் பணியாளர்கள்தான், அக்கம்பக்கத்தார் இல்லை. ஆனால் அந்த ஒன்பது விசாரிப்பில் கத்தியோ மாத்திரையோ கிடையாது. நம் தெருவில் ஒரு வீட்டில் துக்கம் நடந்தால் பதினாறாம் நாள் வரை தவறாமல் போய் உட்காருகிற நமக்கு, பிழைத்து வந்த வீட்டுக்குப் போகத் தெரியவில்லை.

அடுத்துச் சாமி விஷயத்துக்கு வருகிறேன். கோமதி அம்மன் சன்னதி முன்னே உள்ள சக்கரத்தில் மனம் கலங்கியவர்களை உட்கார வைத்து வேண்டிக்கொள்வது இந்த ஊரின் நெடுநாள் நம்பிக்கை. அதை ஏளனம் செய்து யாரும் எதையும் சாதித்ததில்லை. சொல்லப்போனால், வீட்டார் எல்லோரும் சேர்ந்து வருகிறார்கள், பிள்ளையை நடுவில் உட்கார வைக்கிறார்கள், அங்கே யாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. இவ்வளவு கவனம் அவளுக்கு வேறெங்கே கிடைக்கிறது? ஆனால் கோயிலோடு நிறுத்திக்கொண்டால் மாதங்கள் ஓடிவிடும். மனம் கலங்கியவர்களைத் தர்காவுக்குக் கூட்டிவருகிற ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து இறந்தார்கள். அந்த ஏர்வாடியிலேயே பிற்பாடு தர்காவை விட்டு யாரையும் விரட்டாமல், பிரார்த்தனையோடு மருந்தும் என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. குணசீலம் பெருமாள் கோயிலிலும் அப்படிச் செய்தார்கள். ஆகவே நான் கேட்பது, நம் பயிற்சிக்குக் குருக்களையும் கோடாங்கியையும் மந்திரிக்கிற பாயையும் ஜெபம் பண்ணுகிற பாஸ்டரையும் கூப்பிட வேண்டும் என்பதுதான். திருநீறு போட்டுவிட்டு, ‘திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க’ என்று அவர் வாயால் வந்தால், நூறு சுவரொட்டி செய்யாததை அது செய்யும்.

தென் மாவட்டத்தில் நின்றுகொண்டு சாதியைப் பேசாமல் பிள்ளைகளின் மனநலத்தைப் பேச முடியாது. 2023இல் நாங்குநேரியில் பள்ளிப் பிள்ளையை அவன் வீட்டுக்குள்ளேயே சக மாணவர்கள் வெட்டினார்களே, அது நமக்கு எட்டாத தூரமில்லை. அதன் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக்கயிறு கூடாது என்பதோடு, ஐந்நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. தினமும் இழிவைச் சுமந்து வருகிற பிள்ளைக்கு ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ’ என்று சொல்வது மனநலப் பயிற்சி ஆகாது. அந்த இழிவை யார் செய்கிறார் என்று கேட்டுத் தலைமையாசிரியரிடம் போய் நிற்கிற ஆள்தான் அங்கே வேண்டும். பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது எல்லாத் தெருவிலிருந்தும் எடுங்கள். ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருப் பெரியவரிடம் எளிதில் பேசாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நடைமுறைக்கு வருவோம். நாற்பது பேரை ஒரே நாளில் மண்டபத்தில் அடைக்க வேண்டாம். பன்னிரண்டு பேர் போதும், மூன்று ஞாயிறு போதும். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். அப்பாமார் வருகிற நேரமாகப் பார்த்து வையுங்கள். காலை பத்து மணிக்கு வைத்தால் அம்மாக்கள் மட்டும்தான் வருவார்கள், பிறகு ‘எல்லாம் உன்னாலதான்’ என்று வீட்டில் அவர்கள் தலையில்தான் விழும். பயிற்சி பெற்றவர்கள் மாதம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்ட ஊழியர் ஒருவரோடு உட்கார்ந்து, பெயர் சொல்லாமல் தங்களுக்கு நேர்ந்ததைப் பேச வேண்டும். அடுத்தவர் பாரத்தைக் கேட்டுக்கேட்டு இவர்களுக்கும் தூக்கம் போகும். அதைக் கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். பள்ளியில் இந்த வேலைக்கு ஓர் ஆசிரியரைத்தான் போடுவீர்கள் என்றால், வாரத்தில் நான்கு பாடவேளையை அவரிடமிருந்து எடுத்துவிட்டுப் போடுங்கள். முடியாது என்றால், பீகாரில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்.

அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், எந்த அறை, சீட்டு எத்தனை மணிக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பள்ளியிலும் ஒட்டுங்கள். ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொல்கிறவரைவிட ‘செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு நானும் வாரேன்’ என்று சொல்கிறவர் பேச்சுக்குத்தான் பிள்ளை எழுந்து வரும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், இன்று ராத்திரிக்கே. 14416 என்ற எண் 2022 அக்டோபரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று அதற்குப் பெயர். இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் கேட்கலாம், அல்லது உங்களுக்கே தூக்கம் வராததைச் சொல்லலாம். எத்தனை மணி அடித்தபின் எடுக்கிறார்கள், எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள், முதல் கேள்வி என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு பிள்ளை ‘அங்க பேசினா என்ன கேப்பாங்க?’ என்று தயங்கினால், உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்.  கேள்விகள் இருந்தால் மைக்கில்தான் கேட்க வேண்டும் என்றில்லை, இறங்கி வருகிறேன், தனியாகவும் கேட்கலாம்.